சைனஸ் ஆபரேஷனில் நேவிகேஷன்: கருவியின் முனை எங்கே நிற்கிறது என்று திரைக்கு எப்படித் தெரிகிறது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து சைனஸ் ஆபரேஷனுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்களில் சிலர், அதற்கு முன்னால் ஒரு சீட்டோடு எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருவார்கள். ‘சி.டி. சைனஸ், நேவிகேஷன் புரோட்டோகால்’ என்று அதில் எழுதியிருக்கும். சி.டி. எடுப்பது என் வேலை. “முன்னாடி எடுத்த பிலிம் கையில இருக்கே, அது ஆகாதா?” என்று அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செலவு இரட்டிப்பாகிறது, கதிர்வீச்சும் இன்னொரு முறை. நேவிகேஷன் என்பது ஆபரேஷனின்போது கருவியின் முனை எங்கே நிற்கிறது என்று சி.டி. படத்தின் மேல் காட்டும் கருவி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பழைய பிலிம் ஏன் ஆகாது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். நம் முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன; அவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். கன்னத்துக்குள் மேக்சிலரி, புருவத்துக்கு மேலே ஃப்ரான்டல், இரண்டு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக எத்மாய்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் தலையின் நடுவில் ஸ்பீனாய்டு. இவற்றில் ஊறும் சளி, குறுகிய வாசல்கள் வழியாக மூக்குக்குள் வடியும். சவ்வு வீங்கியோ, சதை வளர்ந்தோ அந்த வாசல் அடைபட்டால் சளி தேங்கிச் சீழ் பிடிக்கிறது. மாத்திரை, ஸ்ப்ரே எதிலும் தீராதபோதுதான் ஆபரேஷன். 4 மில்லிமீட்டர் கனமுள்ள, கேமரா இணைத்த எண்டோஸ்கோப் குழாயை மூக்குத் துவாரம் வழியாக உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடி அடைத்திருக்கும் வாசல்களைத் திறந்துவிடுவார்கள். முகத்தில் வெளிக்காயம் இருக்காது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் அடித்தளம் போட்ட இந்த முறை, 1980களில் உலகமெங்கும் பரவியது.

வெளியே தழும்பில்லை என்பதால் இதைச் சின்ன ஆபரேஷன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவற்றைச் சொன்னால் அப்படி நினைக்க மாட்டார்கள். எத்மாய்டு அறைகளின் வெளிப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கண். நடுவில் இருக்கும் எலும்பு, ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியது. கூரைக்கு மேலே மூளை. அந்தக் கூரையும் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. வாசனை நரம்புகள் இறங்கும் பள்ளம் சிலருக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம், சிலருக்கு 4 முதல் 7, இன்னும் சிலருக்கு 8 முதல் 16 மில்லிமீட்டர். 1962இல் கேரோஸ் என்பவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார். சைனஸ் சி.டி. ரிப்போர்ட்டில் ‘கேரோஸ் டைப் 2’ என்று நீங்கள் பார்ப்பது அதுதான். பள்ளம் ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரும் உயர்கிறது. மண்டையோட்டின் அடித்தளத்திலேயே மிக மெல்லிய எலும்பு அந்தப் பக்கச் சுவர். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாகக் கசிய ஆரம்பிக்கும்.

ஸ்பீனாய்டு இன்னும் கடினமான இடம். அதன் பக்கச் சுவரை ஒட்டியே பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் போகின்றன. சிலருக்கு அவற்றின் மேல் எலும்பு மூடியே இருக்காது; வெறும் சவ்வுதான். வேறு சிலருக்குக் கடைசி எத்மாய்டு அறை பின்னால் நீண்டு ஸ்பீனாய்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஓனோடி அறை என்று அதற்குப் பெயர். அப்போது பார்வை நரம்பு அந்த அறையை ஒட்டிப் போகும். தெரியாமல் கை வைத்தால் பார்வையே போய்விடலாம்.

எண்டோஸ்கோப் காட்டுவது எதிரே இருக்கும் பரப்பை மட்டும். சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அது காட்டாது. உடற்கூறு கைவந்த சர்ஜன், இந்த எலும்பைத் தாண்டினால் இந்த அறை, அதற்குப் பின்னால் இது என்று அடையாளம் பார்த்துப் போவார். ஆனால் மூக்கு முழுக்கச் சதை அடைத்திருந்தால், ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், முந்தைய ஆபரேஷனில் அடையாள எலும்புகளையே எடுத்துவிட்டிருந்தால்? அந்த நேரத்தில், ‘என் கருவியின் முனை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நேவிகேஷன். அதற்கு மேல் எதையும் அது செய்வதில்லை.

நோயாளியின் சி.டி. படம், கருவி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஓர் ஏற்பாடு, இரண்டையும் இணைத்துத் திரையில் காட்டும் கணினி, இவ்வளவுதான் அதன் உடம்பு. சர்ஜன் கருவியின் முனையை ஓர் இடத்தில் வைத்ததும், அந்த இடம் சி.டி. படத்தில் ஒரு கூட்டல் குறியாகத் தெரியும். குறுக்குவெட்டு, முன்பக்க வெட்டு, பக்கவாட்டு வெட்டு என்று மூன்று கோணத்திலும் தெரியும். பெரும்பாலும் நான்காவது கட்டத்தில் எண்டோஸ்கோப் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

சி.டி. ஸ்கேனில் ஒரு நோயாளியை முதன்முதலில் படம் எடுத்தது 1971இல். சி.டி.யை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1980களின் நடுவில், ஜெர்மனியின் ஆஹன் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மூட்டுகள் வைத்த ஓர் இயந்திரக் கையின் நுனியைக் கொண்டு இடம் காட்டும் முறையை உருவாக்கினார்கள். மூட்டு ஒவ்வொன்றும் எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறது என்று அளந்தால் நுனி எங்கே என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கை பெரியது, இடத்தை அடைத்தது.

இன்று இருப்பவை இரண்டு வகை. ஒன்று அகச்சிவப்புக் கேமரா. நோயாளியிடமிருந்து ஓர் ஆள் தூரம் தள்ளி, இரண்டு லென்ஸோடு நிற்கும். கருவியிலும் நோயாளியின் நெற்றியிலும் பொருத்திய பளபளப்பான சிறு உருண்டைகளை அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறுக்கே யாராவது நின்றுவிட்டால் காட்சி நின்றுபோகும். இன்னொன்று காந்தப்புலம். தலைக்கு அருகில் ஒரு பெட்டி மெல்லிய காந்தப்புலத்தைப் பரப்பும். கருவியின் முனையிலேயே இருக்கும் பொடிக் கம்பிச்சுருள் அதை உணர்ந்து தன் இடத்தைச் சொல்லும். யார் குறுக்கே நின்றாலும் கவலையில்லை. சென்சார் முனையிலேயே இருப்பதால் ஃப்ரான்டல் அறைக்குள் விடும் வளைந்த கருவிகளுக்கும் ஏற்றது. ஆனால் பக்கத்தில் பெரிய இரும்புச் சாமான் இருந்தால் புலம் கோணலாகிவிடும்.

இரண்டிலுமே நெற்றியில் ஒட்டும் அந்தச் சின்ன அடையாளக் கருவி முக்கியம். ஆபரேஷன் நடுவில் தலையை இப்படி அப்படித் திருப்ப வேண்டியிருக்கும். அடையாளமும் தலையோடு சேர்ந்தே திரும்புவதால் கணக்கு பிசகாது. அடையாளம் மட்டும் அரை சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டால், கணினிக்கு அது தெரியாது. தப்பான இடத்தைத் தயங்காமல் காட்டிக்கொண்டே இருக்கும்.

படத்தையும் முகத்தையும் பொருத்துவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது இந்தப் பகுதியாகத்தான் இருக்க வேண்டும். கணினிக்குள் இருப்பது எப்போதோ எடுத்த படம். மேஜையில் படுத்திருப்பது ஆள். படத்தில் இருக்கும் மூக்கும் மேஜையில் இருக்கும் மூக்கும் ஒன்றுதான் என்று கணினிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷன் என்பார்கள்.

நம் ஊர் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு என்னும் முற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டு போகிறது. கரண்ட் இல்லாத ராத்திரியில், வீட்டுப் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முன்பின் போகாத ஒருவர் உள்ளே நுழைகிறார். படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தான் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாமல் அது உதவாது. முகப்புத் தூணைத் தடவி, ‘இது படத்தில் இந்தத் தூண்’. வளவின் மூலையைத் தொட்டு, ‘இது இந்த மூலை’. தரையில் விரித்த படத்துக்கு இப்படி இரண்டு இடம் கிடைத்தாலே போதும். முகம் அப்படியில்லை, மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பக்கூடியது. அதனால் ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளாவது வேண்டும். நடைமுறையில் இன்னும் நிறைய எடுப்பார்கள்.

சில கருவிகளில் கண்ணின் ஓரம், மூக்கின் அடி, காதின் முன்மடல் என்று குறிப்பிட்ட இடங்களைத் தொட்டுக் காட்டுவார்கள். சிலவற்றில் லேசர் ஒளியாலோ, முனை மழுங்கிய ஒரு கருவியாலோ நெற்றி, புருவம், மூக்குத்தண்டின் மேல் வரைந்துகொண்டே போவார்கள். நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேரும். கணினி அந்தப் பரப்பை சி.டி.யில் இருக்கும் தோலின் பரப்போடு வைத்துப் பொருத்திப் பார்க்கும். தோல் மெல்லியதாகவும் அடியில் எலும்பு அருகிலும் இருக்கும் இடங்கள்தான் இதற்கு நல்லது. கன்னம் உதவாது, விரல் பட்டால் அமுங்கும், மயக்க மருந்துக் குழாயை ஒட்டிய பிளாஸ்திரி இழுத்தாலும் உருமாறும்.

பொருத்தி முடித்ததும் திரையில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு வரும். சின்ன எண் வந்தால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. ஆனால் அந்த எண், தொட்ட புள்ளிகள் சராசரியாக எவ்வளவு ஒத்துப்போயின என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே ஆழத்தில் எவ்வளவு பிசகு இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. மறுபடி அந்த வீட்டுக்கே வாருங்கள். படத்தை ஒரு டிகிரி கோணலாகப் பிடித்திருந்தால் முகப்பில் வித்தியாசமே தெரியாது. மூன்றாங்கட்டுக்குப் போகும்போது வேறு கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். மூக்குத் துவாரத்திலிருந்து ஸ்பீனாய்டு வாசல் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முகத்தில் ஒரு டிகிரி திருகல் இருந்தால் அங்கே 1.2 மில்லிமீட்டர் விலகிவிடும். பார்வை நரம்பும் கரோட்டிட் தமனியும் இருப்பது அங்கேதான். பொதுவாக இந்தக் கருவிகளின் துல்லியம் 2 மில்லிமீட்டருக்குள் என்பார்கள். மெல்லிய எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் 2 மில்லிமீட்டர் சின்ன எண் இல்லை.

அதனால்தான் அனுபவமுள்ள சர்ஜன்கள், பொருத்திய கையோடு, சந்தேகமே இல்லாமல் தெரிந்த இடங்களைத் தொட்டுச் சரிபார்ப்பார்கள். மூக்கு நுனி, நடு எலும்பின் முன்விளிம்பு, மேக்சிலரி அறையின் பின்சுவர். கருவி அங்கே நிற்கும்போது திரையில் கூட்டல் குறியும் அங்கேயே நிற்க வேண்டும். ஆபரேஷன் நடுவிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கண்ணும் திரையும் வேறு வேறு சொன்னால், திரையை நம்பி மேலே போவதில்லை; நிறுத்தி மறுபடி பொருத்துவார்கள்.

ஸ்கேன் மேஜையில்

இப்போது பழைய பிலிம் ஏன் ஆகாது என்று சொல்கிறேன். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில வெட்டுகளின் அச்சு. நேவிகேஷன் கணினிக்கு அச்சு வேண்டாம், மூலத் தரவு வேண்டும். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டைகாம் என்ற கணினி வடிவத்தில், சிடி வட்டிலோ பென் டிரைவிலோ. வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவும் ஆகாது. பழைய சிடி வட்டே இருந்தாலும், சாதாரண ஸ்கேனில் வெட்டுகள் 3 மில்லிமீட்டர் கனத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம். அப்படி எடுத்த படத்தைப் பக்கவாட்டில் திருப்பினால், கூரை எலும்பு வழவழப்பாகத் தெரியாமல் படிக்கட்டாகத் தெரியும். நாங்கள் இதற்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக, நடுவில் இடைவெளி விடாமல் எடுக்கிறோம். 12 சென்டிமீட்டர் உயரத்தை 0.6 மில்லிமீட்டராக நறுக்கினால் 200 வெட்டுகள். எலும்புக்கும் காற்றுக்கும் நிற வேறுபாடு அதிகம் என்பதால் குறைந்த கதிர்வீச்சிலேயே நல்ல படம் கிடைக்கும்.

இன்னொரு காரணம், மூக்கு நுனி. சைனஸ் நோயை மட்டும் பார்க்க மூக்கு நுனியும் காதும் தேவையில்லை, அதனால் வழக்கமான படத்தில் அவை வெட்டுப்பட்டிருக்கும். முகத்தின் பரப்பை வைத்துப் பொருத்த அவை கட்டாயம் வேண்டும். ஆடாமல் இருக்க நெற்றியில் பட்டை போட்டு இறுக்கும் பழக்கத்தையும் இதில் விட்டுவிட வேண்டும். பட்டை தோலை அமுக்கினால், படத்தில் இருக்கும் நெற்றி வேறு, ஆபரேஷன் மேஜையில் இருக்கும் நெற்றி வேறு.

அப்புறம் மூக்குத்தி. பள்ளத்தூரிலிருந்து வந்த ஆச்சி ஒருவர், தோட்டைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்துவிட்டார். வைர மூக்குத்திக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

“அது கல்யாணத்துல போட்டது தம்பி. கழட்டுனதே இல்ல. சின்னக் கல்லுதானே, என்ன பண்ணிடப் போகுது?”

“கல்லு ஒண்ணும் பண்ணாது ஆச்சி. சுத்தியிருக்கற தங்கமும் திருகாணியுந்தான் படத்தைக் கெடுக்கும்.”

வேறொருவர் மூக்குத்தியோடு எடுத்திருந்த பழைய படம் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு, திரையில் காட்டினேன். உலோகத்திலிருந்து நாலாபக்கமும் வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் ஓடியிருந்தன. மூக்கின் ஓரம் முள் முளைத்தது போல் இருந்தது. கணினி அந்த முட்களையும் மூக்கு என்றே எடுத்துக்கொள்ளும் என்று சொன்னதும் ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளிடம், “எண்ணெய் இருக்கா பாரு” என்றார். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் திருகாணியின் மேல் வைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மருமகள் மெதுவாகத் திருகித் திருகி எடுத்தார். இப்போதெல்லாம் ஸ்கேனுக்குத் தேதி சொல்லும்போதே மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லிவிடுகிறோம். ஸ்கேன் மேஜைக்குப் பக்கத்தில் கழற்றும்போது திருகாணி விழுந்தால் தேடுவது பெரும்பாடு.

பல்லில் அடைத்த உலோகமும் இப்படிக் கீற்று போடும். அதைக் கழற்ற முடியாது; தலையை வைக்கும் கோணத்தால் ஓரளவு சமாளிக்கலாம். படம் எடுக்கும் அந்த அரை நிமிடம் எச்சில் விழுங்காமல், கண்ணை உருட்டாமல் இருந்தால் எங்களுக்குப் பேருதவி. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை ஸ்கேன் சென்டரிலும் சர்ஜனிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், காந்தப்புலக் கருவியைப் பயன்படுத்தலாமா என்று அவர் முடிவெடுக்க.

அதற்குத் தெரியாதவை

படம் பழையது என்பதை மறக்கக் கூடாது. ஆபரேஷனில் ஒரு சுவரை எடுத்த பிறகும் திரையில் அந்தச் சுவர் அப்படியே இருக்கும். ரத்தம் எங்கே வருகிறது என்று அதற்குத் தெரியாது. வெட்டலாமா, நிறுத்தலாமா என்றும் சொல்லாது. சில புதிய கருவிகளில் பார்வை நரம்பையும் தமனியையும் முன்கூட்டியே படத்தில் வண்ணமிட்டு வைத்து, முனை நெருங்கினால் எச்சரிக்கை தரச் செய்யலாம். அதுவும் பொருத்தம் சரியாக இருந்தால்தான். மூளை ஆபரேஷனில் மண்டையோட்டைத் திறந்ததும் மூளை கொஞ்சம் இடம் மாறிவிடுவதால், பழைய படத்தை நம்புவதில் சிக்கல் உண்டு. சைனஸில் எல்லாம் எலும்புச் சுவர், நகராது. இந்தத் தொழில்நுட்பம் மூக்கில் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு அதுவே பெரிய காரணம்.

எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். முதல்முறை, ஒரு பக்க மேக்சிலரி வாசலைத் திறப்பது போன்ற எளிய ஆபரேஷனுக்கு, நல்ல சி.டி.யைக் கவனமாகப் படித்த தேர்ந்த சர்ஜன் போதும். மறு ஆபரேஷன், மூக்கு நிறைய சதை, ஃப்ரான்டல், பின் எத்மாய்டு, ஸ்பீனாய்டு அறைகளில் நோய், கண்ணையோ மூளையையோ ஒட்டிய நோய், கட்டி, மூளை நீர்க் கசிவை அடைப்பது ஆகியவற்றில் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் சொல்கிறது. 2021இல் கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை வந்தபோது, நோய் சைனஸிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவியதை இங்கே நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி எல்லை கலைந்துபோன மூக்கில், நிற்கும் இடம் தெரிவது பெரிய துணை.

இந்தக் கருவியால் சிக்கல்கள் எவ்வளவு குறைந்தன என்று கேட்டால், உறுதியான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. சைனஸ் ஆபரேஷனில் பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. அவ்வளவு அரிதான ஒன்று இன்னும் குறைந்ததா என்று காட்ட, ஆயிரக்கணக்கான நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். கடினமான மூக்கு உள்ளவருக்குக் கருவி இல்லாமல் செய்து பார்ப்போம் என்று எந்த சர்ஜனும் மனசாட்சியோடு சொல்ல மாட்டார். ஆகவே ‘எங்களிடம் நேவிகேஷன் இருக்கிறது, பயமே வேண்டாம்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: என் மூக்கில் ஆபத்தான இடம் எது, இதுபோன்ற ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள், என் விஷயத்தில் இந்தக் கருவி ஏன் தேவை? நல்ல மருத்துவர் உங்கள் படத்தைத் திரையில் போட்டுக் காட்டிப் பதில் சொல்வார்.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பிய பிறகு சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதல் சில நாள் ரத்தம் கலந்த சளி வருவது இயல்புதான். ஆனால் குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினால், கண் வீங்கினாலோ கருத்தாலோ, பார்வை மங்கினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கழுத்து விறைத்துத் தாங்க முடியாத தலைவலி வந்தால், ரத்தம் நிற்காமல் கொட்டினால், அடுத்த ரிவியூ தேதிவரை காத்திருக்காதீர்கள். கண்ணுக்குள் ரத்தம் கட்டினால் பார்வையைக் காப்பாற்ற இருக்கும் நேரம் சில மணிகூட இல்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள்; போகும் வழியிலேயே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போடுங்கள், சி.டி. படம் இருக்கும் சிடி வட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.